அப்பாவின் கழுத்தும் ஒரு புகார்க் கடிதமும்

சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு முன்னறையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர்.

அப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். காரணம் இருந்தது. அவருடைய கழுத்தும் தோள்களும் பழுத்த தக்காளி மாதிரிச் சிவந்திருந்தன. எதில் சாய்ந்தாலும் "ஸ்ஸ்ஸ்" என்று பாம்பு போலச் சீறினார்.

அம்மா அவருக்குப் பின்னால் முக்காலியில் இருந்தாள். மடியில் தண்ணீர்க் கிண்ணம், கையில் ஈரத்துணி.

சித்தப்பா வாசலோரம் ஒரு காலிப் பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். வீட்டில் எத்தனை நாற்காலி இருந்தாலும் அவருக்கு வாளிதான் சிம்மாசனம்.

நான்கு வயதுத் தங்கை மேசைக்கு அடியில் இருந்தாள். அவள் ஓரிடத்தில் உட்கார்ந்ததாகச் சரித்திரமே இல்லை என்பதால் எல்லோரும் அவளை 'வாலு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

மேசைக்கு முன்னால், முதுகை நிமிர்த்தி, பேனா மூடியைக் கழற்றி இடப்பக்கம் வைத்துவிட்டு, காகிதத்தை நேராக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் கிளார்க்.

கிளார்க்குக்குப் பத்து வயது. வீட்டில் யாருக்கு எது எழுத வேண்டுமென்றாலும் அவள்தான் எழுதுவாள். அவளிடம் ஒரு நீல நோட்டு உண்டு. அன்றன்று நடந்ததைத் தேதி போட்டு அதில் குறித்துவைப்பாள். 'வாலு இன்று மூன்று தடவை விழுந்தாள். இரண்டு தடவை அழுதாள். ஒரு தடவை மறந்துவிட்டாள்' என்பது போல. இப்படி எழுதுகிற பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது?

"எழுதும்மா கிளார்க்கு," என்றார் அப்பா. "கொட்டை எழுத்துல எழுது. 'உங்க கடையில வித்த சன்ஸ்கிரீன் சுத்த ஏமாத்து வேலை. அதைக் குடுத்த பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியல.' அடிக்கோடு போடு."

கிளார்க் பேனாவை எடுத்தாள். ஆனால் எழுதவில்லை.

அந்தப் பொண்ணு யார் என்று அவளுக்குத் தெரியும். மருந்துக்கடைக்குப் புதிதாக வந்திருக்கும் அக்கா. பெரிய வட்டக் கண்ணாடி போட்டிருப்பாள். வியாழக்கிழமை மாலை அம்மாவும் கிளார்க்கும் கடைக்குப் போனபோது அவள்தான் இருந்தாள்.

"வெயிலுக்குப் பூசுற கிரீம் ஒண்ணு குடும்மா. வாசனையா, அழகா டப்பாவுல இருக்குமே, அது," என்று கேட்டாள் அம்மா.

கண்ணாடி அக்கா உடனே எடுத்துக் கொடுத்துவிடவில்லை. "யாருக்குங்க? என்ன வேலை பார்க்கிறாங்க? வேர்க்குமா? ஏதாவது பூசினா அரிக்குமா?" என்று வரிசையாகக் கேட்டாள். கிளார்க்குக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று. கேள்வி கேட்பவர்களை அவளுக்கு எப்போதும் பிடிக்கும்.

அப்பாவும் சித்தப்பாவும் பெயின்டர்கள், சாரத்தின் மேல் நின்று பெரிய சுவர்களுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் என்று தெரிந்ததும், அக்கா தங்க நிற டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு சாதாரண வெள்ளை டியூபை எடுத்தாள்.

"டப்பாவைப் பார்த்து வாங்காதீங்க, எழுத்தைப் பார்த்து வாங்குங்க," என்றாள். "எஸ்.பி.எஃப்.னு போட்டிருக்கிற இந்த நம்பர் முப்பதுக்குக் குறையக் கூடாது. இது அம்பது. வெயில்ல ரெண்டு விதமான கதிர் இருக்கு. ஒண்ணு தோலைச் சுடும், இன்னொண்ணு இன்னும் ஆழமாப் போகும். ரெண்டையும் தடுக்கும்னு இதோ எழுதியிருக்கு பாருங்க. வேர்வையில சீக்கிரம் கரையாதுன்னும் போட்டிருக்கு. தேதியும் தாண்டல. வாசனை இல்லாதது, அதனால அரிப்பு வர வாய்ப்பு கம்மி. இருந்தாலும் முதல்ல கைக்கு உள்பக்கம் கொஞ்சம் பூசிப் பார்க்கச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை காலை அப்பாவும் சித்தப்பாவும் டியூபோடு கிடங்குச் சுவருக்கு வேலைக்குப் போனார்கள். மாலையில் அப்பா தக்காளியாகத் திரும்பி வந்தார்.

இன்று காலை அவர் நேராக மருந்துக்கடைக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்திருந்தார்.

"கடை மேனேஜர்கிட்டயே சொல்லிட்டேன்," என்றார் அப்பா. "அவர் உடனே தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டார். 'எழுத்துல புகார் அனுப்புங்க, அந்தப் பொண்ணு இன்னும் வேலை பழகிட்டுதான் இருக்கு, உங்க கடுதாசி வந்ததும் நிறுத்திடுறோம்'னு அங்க சொன்னாங்களாம். அஞ்சு மணித் தபால்ல இது போயிடணும்."

கிளார்க் பேனாவைக் கீழே வைத்தாள். வேலையை விட்டே நிறுத்திவிடுவார்களா?

"அப்பா, பொத்தாம்பொதுவா எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க," என்றாள் மெதுவாக. "எங்க டீச்சர் சொல்லியிருக்காங்க. புகார்க் கடிதத்துல யார், எங்கே, எப்போ, எதை, எப்படி, எல்லாம் இருக்கணும். ஒவ்வொண்ணா கேக்குறேன். நீங்க பதில் சொல்லுங்க."

"கேளு கேளு," என்றார் அப்பா. "எனக்கு என்ன பயம்? மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம்!"

"எங்கே?"

"கிடங்குக்கு வெளிச்சுவர். காலையில வெயில் பக்கவாட்டுல அடிக்கும். மதியத்துக்கு மேல முதுகுல அடிக்கும்."

"யார் யார் பூசினீங்க?"

"நானும் உங்க சித்தப்பாவும்."

"ரெண்டு பேரும் ஒரே டியூபா?"

"ஒரே டியூப், ஒரே சாரம், ஒரே வெயில். ரெண்டு பேருமே கையில்லாத பனியன்."

கிளார்க் எழுதிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். எழுந்து போய் சித்தப்பாவின் கழுத்தைச் சுற்றிப் பார்த்தாள். வழக்கம்போலக் கருத்த, வழவழப்பான கழுத்து. துளிச் சிவப்புக்கூட இல்லை.

"அப்போ சித்தப்பாவுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

"அவனுக்கு எருமைத் தோல்," என்றார் அப்பா.

"அண்ணே!" என்றார் சித்தப்பா. "போன வருஷம் தண்ணித் தொட்டிக்கு அடிச்சப்போ எனக்கும்தானே தோல் உரிஞ்சுது? அப்ப எருமை எங்க மேயப் போயிருந்துச்சு?"

அம்மா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கிளார்க் காகிதத்தில் எழுதினாள்: 'ஒரே டியூப். ஒருவருக்குச் சுட்டது. ஒருவருக்குச் சுடவில்லை.' அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

"சரி. எப்படிப் பூசினீங்க? அப்பா, முதல்ல நீங்க."

"எப்படின்னா? பூசுற மாதிரி பூசினேன்."

"எவ்வளவு?"

"போதுமான அளவு."

"'போதுமான அளவு'ன்னு எழுத முடியாதுப்பா. விரல் கணக்கா, ஸ்பூன் கணக்கா?"

அப்பா கூரையைப் பார்த்தார். சித்தப்பா தரையைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"இருபது வருஷமா சுவருக்கு அடிக்கிறேன்," என்றார் அப்பா கடைசியில். "ஒரு கழுத்துக்கு அடிக்கத் தெரியாதா எனக்கு?"

"அடிச்சார், அடிச்சார்," என்றார் சித்தப்பா. "ரெண்டு அங்குல பிரஷ்ல அடிச்சார்."

அம்மாவின் கை நின்றது. "பிரஷ்லயா?"

"புது பிரஷ்தான்!" என்றார் அப்பா. "கையில எடுத்தா பாதி உள்ளங்கையிலயே ஒட்டிக்கும். பிரஷ்ல எடுத்தா ஒரே சீரா, கோடு விழாம வரும்."

"கிரீம் கெட்டியா இருக்குமே அப்பா. பிரஷ்ல எப்படி இழுபடும்?" என்று கேட்டாள் கிளார்க்.

"அதான் தண்ணி கலந்தேனே."

மேசைக்கு அடியில் பாடிக்கொண்டிருந்த வாலுகூடப் பாட்டை நிறுத்தினாள்.

"எவ்வளவு தண்ணிங்க?" என்று கேட்டாள் அம்மா, மிக மிக நிதானமாக.

"ஒரு பங்குக்கு மூணு பங்கு. டியூப்ல பாதியைச் சின்ன டின்னுல பிதுக்கி நல்லா கலக்கினேன். அப்பதான் நாலு நாளைக்கு வரும். இவன் இருக்கானே, அப்படியே டியூப்ல இருந்து வழிய வழியப் பிதுக்கி அப்பிக்கிட்டான். சோத்துக்கு உட்கார்றப்போ முகம் கழுவிட்டு மறுபடி அப்பிக்கிட்டான். சுத்த விரயம்!"

"கழுவினதும் கிரீமெல்லாம் போய் முகம் மொழுக்குனு இருந்துச்சு, அதான்," என்றார் சித்தப்பா பணிவாக.

"நீங்க மறுபடி பூசலையா அப்பா?"

"காலையில அடிச்ச பெயின்ட்டை யாராவது மத்தியானம் திரும்ப அடிப்பாங்களா? ஒரு தடவை அடிச்சா மூணு வருஷம் நிக்கும்!"

"சுவருக்கு வேர்க்காதுங்க," என்றாள் அம்மா.

அப்பா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "அதெல்லாம் எழுத வேண்டாம். வாங்கின தேதியை மட்டும் போடு. நேரமாகுது பாரு."

கடிகாரம் நான்கு மணியைத் தாண்டியிருந்தது.

தேதி சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கிளார்க் நீல நோட்டைத் திறந்தாள். வியாழக்கிழமைப் பக்கத்தைப் புரட்டினாள். அப்போது நான்காக மடித்த ஒரு சின்னச் சீட்டு நோட்டிலிருந்து நழுவி, மேசை விளிம்பில் தயங்கி, கீழே விழுந்தது.

மேசைக்கு அடியிலிருந்து ஒரு குட்டிக் கை நீண்டு அதைப் பிடித்தது.

"கப்பல் செய்யவா?" என்றது வாலுவின் குரல்.

"குடுடி!" கிளார்க் குனிந்து பிடுங்கினாள். பிரித்துப் பார்த்தாள். பார்த்ததும் அவள் காது இரண்டும் சூடாகிவிட்டன.

அது கண்ணாடி அக்காவின் கையெழுத்து.

இப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது. கடையில் அம்மா காசு எண்ணிக்கொண்டிருந்தபோது அக்கா இந்தச் சீட்டை எழுதி அவள் கையில்தான் கொடுத்தாள். "நீதான் பொறுப்பான ஆள் மாதிரி இருக்கே. அப்பாகிட்ட குடுத்துடு," என்று சொன்னாள். பொறுப்பான ஆள் என்று சொன்ன சந்தோஷத்தில், பத்திரமாக இருக்கட்டும் என்று நோட்டுக்குள் வைத்தாள். அது மிகவும் பத்திரமாகவே இருந்துவிட்டது. இரண்டு நாளாக!

கிளார்க் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அப்பாவும் சித்தப்பாவும் இன்னும் பெயின்ட்டைப் பற்றித்தான் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். சீட்டை யாரும் பார்க்கவில்லை. வாலு பார்த்தாள், ஆனால் அவளுக்குப் படிக்கத் தெரியாது.

மறுபடியும் நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்துவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியாது.

ஆனால் கண்ணாடி அக்கா? திங்கட்கிழமை யாராவது அவளிடம், 'நீ எப்படிப் பூசணும்னு சொல்லியே கொடுக்கலையாமே' என்று கேட்பார்கள். 'எழுதிக் கொடுத்தேனே' என்று அவள் சொல்வாள். சீட்டு எங்கே என்று கேட்பார்கள். சீட்டு இங்கே இருக்கும், நீல நோட்டுக்குள், நான்காக மடித்து.

கிளார்க் எழுந்து நின்றாள். நாற்காலி 'கிறீச்' என்றது.

"அப்பா," என்றாள். "தப்பு என் மேல. அந்த அக்கா எல்லாத்தையும் எழுதித்தான் குடுத்தாங்க. உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க. நான் நோட்டுல வெச்சு மறந்துட்டேன்."

சீட்டை உரக்கப் படித்தாள்.

"'வெளியே போவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூசவும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுக்கவும். தோளுக்கும் கைக்கும் தனியாக எடுக்கவும். காதையும் பிடரியையும் விட்டுவிட வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூசவும். வேர்வையைத் துடைத்தால் அப்போதே பூசவும். கிரீம் மட்டும் போதாது. தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும்.'"

படித்து முடித்துவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

சித்தப்பா தன் இரண்டு விரல்களை நீட்டி, அளவு பார்த்துக்கொண்டார்.

"இங்க வா," என்றார் அப்பா.

கிளார்க் போனாள்.

"டியூபுக்குப் பின்னாலயும் இதெல்லாம் எழுதியிருக்கும்தானே?"

"இருக்கும்ப்பா. பொடி எழுத்துல."

"நானும்தானே அதைப் படிக்கல? நீ மறந்தது கால் பங்கு. நான் படிக்காதது முக்கால் பங்கு." அவர் அவள் தலையில் கைவைத்தார். கையைத் தூக்கியதும் தோள் இழுத்து "ஸ்ஸ்ஸ்" என்றார். "அழாதே. நீயா வந்து சொன்னே பாரு, அது போதும்."

கிளார்க் மூக்கை உறிஞ்சினாள். "அப்போ புகார் வேண்டாம்தானே?"

"அது வேற விஷயம்." அப்பா மறுபடியும் நிமிர்ந்துகொண்டார். "மறுபடி பூசாதது என் தப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா இவ்வளவு சிவக்குமா? தண்ணி கலந்தா கிரீமோட குணம் ஓடியா போயிடும்? அந்தச் சீட்டுல எங்கேயாவது தண்ணி கலக்காதேன்னு இருக்கா?"

கிளார்க் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். இல்லைதான்.

மணி நாலே காலை நெருங்கியது. அவள் பேனாவின் முனையைக் கடித்தபடி யோசித்தாள். அப்பாவோடு வாதாடி ஜெயிக்க முடியாது. அவர் வாதாடிக்கொண்டே உறங்கி, எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்பவர். ஆனால் பெயின்ட்டிடம் அவரால் வாதாட முடியாது.

"சித்தப்பா," என்றாள். "வெள்ளைப் பெயின்ட் மிச்சம் இருக்கா?"

"சுவருக்கு அடிக்கிறதா? இன்னொரு வாளியில கொஞ்சம் இருக்கு."

கிளார்க் ஒரு பழைய அட்டைப் பெட்டியின் மூடியைக் கொண்டுவந்தாள். கருப்பு மார்க்கரால் அதில் இரண்டு இடத்தில் கொட்டை எழுத்தில் 'வெயில்' என்று எழுதினாள். இரண்டு கிண்ணங்களில் பெயின்ட் ஊற்றினாள். ஒன்றை அப்படியே வைத்தாள். இன்னொன்றில் தண்ணீர் விட்டாள். ஒரு பங்கு, இரண்டு பங்கு...

அப்பா நாற்காலியிலேயே நெளிந்தார். "ஏய், ஏய், போதும்! எவ்வளவு ஊத்துறே?"

மூன்றாம் பங்கையும் ஊற்றிக் கலக்கினாள். பெயின்ட் நீர்மோர் மாதிரி ஆயிற்று.

"அப்பா, இந்தத் தண்ணிப் பெயின்ட்டை அந்த எழுத்து மேல அடிங்க."

"அடிக்கிறதே பாவம்மா! மறைக்காது. சுவர் பல்லிளிக்கும்."

"ஒரு தடவை அடிச்சுத்தான் காட்டுங்களேன்."

பிரஷ் கைக்கு வந்ததும் அப்பாவின் முகமே மாறியது. ஒரே இழுப்பு, மேலிருந்து கீழே, கோடில்லாமல். அழகான இழுப்புதான். ஆனால் அடியில் 'வெயில்' அப்படியே தெரிந்தது. மேலே வெள்ளையாக நாலு சொட்டு வழிந்தது.

பக்கத்து எழுத்தின் மேல் கெட்டிப் பெயின்ட்டை அடித்தார். 'வெயில்' காணாமல் போயிற்று.

"பார்த்தியா?" என்றார் அப்பா, பாடம் நடத்துகிறவர் போல. "தண்ணி கலக்கிறதெல்லாம் முதல் கோட்டுக்கு, அதாவது முதல் பூச்சுக்கு. அதுவும் துளியூண்டு. அதுக்கு மேல ரெண்டு கோட்டு கெட்டியா வரணும். தண்ணியை அள்ளிக் கொட்டிட்டு ஒரே கோட்டோட விட்டா எவனாவது..."

அங்கே நிறுத்திவிட்டார்.

"உங்க கழுத்துக்கு மேல ரெண்டு கோட்டு எப்போப்பா அடிச்சீங்க?" என்று கேட்டாள் கிளார்க். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே, குறிப்பெடுப்பதற்காகக் கேட்டாள்.

அப்பா அட்டையைப் பார்த்தார். பிரஷைப் பார்த்தார். கழுத்தைத் தடவிப் பார்த்து "ஸ்ஸ்ஸ்" என்றார்.

"அடிக்கல," என்றார் சின்னக் குரலில்.

"அண்ணன் கழுத்து பல்லிளிச்சிருச்சு அண்ணி!" என்றார் சித்தப்பா. அவ்வளவுதான், அம்மாவால் அடக்க முடியவில்லை. கிண்ணத்தண்ணீர் தளும்பச் சிரித்தாள். வாலு என்ன ஏது என்று தெரியாமல் மேசைக்கடியிலிருந்து வெளியே வந்து எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். சிரித்தால் தோள் குலுங்கியது, குலுங்கினால் எரிந்தது. அதனால் சிரிப்பும் சீறலுமாக வந்தது.

சிரித்து ஓய்ந்ததும் அவர் முகம் வாடிப்போயிற்று.

"எல்லார் முன்னாடியும் அந்தப் பொண்ணைச் சத்தம் போட்டுட்டேனே," என்றார். "அது ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே நின்னுச்சு. நல்ல வேளை, கடுதாசி இன்னும் போகல. கிழிச்சுப் போடு."

"கிழிச்சா போதாதுப்பா," என்றாள் கிளார்க். "மேனேஜர் ஏற்கெனவே ஃபோன் போட்டுட்டார்னு சொன்னீங்களே? தலைமை அலுவலகத்துல ஒரு கடிதத்துக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க. வேற கடிதம் போகணும்."

"எத்தனை மணி?"

"நாலு இருபத்தஞ்சு."

"அப்போ உட்காரு!"

கிளார்க் புதிதாக ஒரு மஞ்சள் காகிதம் எடுத்தாள். இந்த முறை பேனா தானாக ஓடியது. அப்பா சொல்லச் சொல்ல, சித்தப்பா இடையில் புகுந்து திருத்த, அம்மா அந்தத் திருத்தத்தைத் திருத்த, கடிதம் இப்படி வந்தது:

'ஐயா, வணக்கம். இன்று காலை உங்கள் கடையில் ஒரு புகார் சொன்னேன். அது தவறு. சன்ஸ்கிரீனை வாங்கியது சரி, நான் பூசியது தவறு. ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, பிரஷால் ஒரே ஒரு தடவை அடித்தேன். அதே டியூபில் தண்ணீர் கலக்காமல் பூசிய என் தம்பி நலமாக இருக்கிறான். உங்கள் கடைப் பெண், எது வாங்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்லி, எப்படிப் பூச வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார். அந்தச் சீட்டு என்னிடம் வந்து சேராதது எங்கள் வீட்டுத் தவறு. அவருக்கு எந்தக் குறையும் வரக் கூடாது. அவரை நிறுத்தினால் நான் மறுபடியும் கடைக்கு வந்து சத்தம் போடுவேன்.'

"கடைசி வரி வேணுமாங்க?" என்றாள் அம்மா.

"அதுதான் முக்கியமான வரி," என்றார் அப்பா.

அதற்குக் கீழே கிளார்க் தானாக ஒரு குறிப்பைச் சேர்த்தாள். 'ஒரு யோசனை: எழுதிக் கொடுக்கும் சீட்டில் "தண்ணீர் கலக்கக் கூடாது" என்று ஒரு வரி சேர்த்தால், மற்ற பெயின்டர்களுக்கு உதவியாக இருக்கும்.'

அப்பா கையெழுத்துப் போட்டார். சித்தப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். வாலுவுக்கு எழுதத் தெரியாது. ஆனால் பெயின்ட் கிண்ணத்தில் விரலை எப்போது விட்டாள் என்றே தெரியவில்லை. காகிதத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு குட்டிக் கட்டைவிரல் பதிந்தது.

"நாலு நாற்பத்தஞ்சு!" என்று கத்தினாள் கிளார்க்.

அப்பா முழுக்கைச் சட்டையை மெதுவாக, ஒவ்வொரு கையாக நுழைத்துக்கொண்டார். கிளார்க் உறையையும் பசைக் குப்பியையும் எடுத்துக்கொண்டாள். இருவரும் வேகவேகமாக நடந்தார்கள்.

தபால் பெட்டி தெருமுனையில் இருந்தது. அதற்கு நேர் எதிரே மருந்துக்கடை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அக்கா அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா வருவதைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றுவிட்டது.

அப்பா உள்ளே போனார். சட்டென்று திரும்பி, காலரை இறக்கி, முதுகுப்பக்கம் காட்டினார்.

"பாரும்மா," என்றார். "இது உன் கிரீம் பண்ணின வேலை இல்ல. என் கைவேலை. மூணு பங்கு தண்ணி கலந்தேன்."

"தண்ணியா?" என்றாள் அக்கா.

"பிரஷ்ல வேற," என்றாள் கிளார்க். கடிதத்தை நீட்டினாள். "படிச்சுப் பாருங்க அக்கா. ஒட்டுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட காட்டணும்னு தோணுச்சு. சீட்டைக் குடுக்காம விட்டது நான்தான். ஸாரி அக்கா."

அக்கா படித்தாள். படிக்கப் படிக்க அவள் தோள்கள் இறங்கின, காலையிலிருந்து ஏதோ மூட்டையைச் சுமந்துகொண்டிருந்தவள் போல. வெள்ளைக் கட்டைவிரல் வரை வந்ததும் சிரித்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இந்த முறை கண்ணாடியை மட்டும் இல்லை, கண்ணையும்.

"சத்தம் போட்டதுக்கு மன்னிச்சுக்கம்மா," என்றார் அப்பா.

"பரவாயில்லைங்க. ஆறுற வரைக்கும் நிழல்ல இருங்க. பச்சைத் தண்ணி ஒத்தடம் நல்லது. கொப்புளம் வந்தா டாக்டர்கிட்ட போயிடுங்க." பிறகு கிளார்க்கிடம் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "யோசனை நல்லா இருக்கு. இன்னைக்கே சேர்த்துடுறேன். இப்ப ஓடு, தபால்காரர் வந்துட்டார்!"

உண்மைதான். தெருமுனையில் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, தபால்காரர் பெட்டியின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் அண்ணே! ஒரே ஒரு நிமிஷம்!" என்று அப்பா ஓடினார்.

கிளார்க் கடிதத்தை மூன்றாக மடித்தாள், விளிம்போடு விளிம்பு சேர்த்து. உறைக்குள் வைத்தாள். பசையை ஓரம்வரை தடவினாள்.

"தாராளமா தடவு," என்றார் அப்பா. "காது மூலையை விட்டுடாதே."

தபால்காரர் நெற்றியைத் துடைத்தபடி காத்திருந்தார். அவருடைய மூக்கும் பிடரியும் நன்றாகச் சிவந்திருந்தன. அப்பா ஒரு நிபுணரைப் போல அதைக் கூர்ந்து பார்த்தார்.

"அண்ணே, வெயிலுக்கு ஏதாவது பூசுறீங்களா?"

"பொண்டாட்டி ஒரு டியூப் வாங்கி வெச்சிருக்கா," என்றார் தபால்காரர். "ரொம்பக் கெட்டியா இருக்கு. கொஞ்சம் தண்ணி கலந்துக்கலாமான்னு பார்க்கிறேன்."

"கூடாது!" என்றார்கள் அப்பாவும் கிளார்க்கும் ஒரே குரலில்.

தபால்காரர் திடுக்கிட்டுப் பார்த்தார். கிளார்க் உறையை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து ஒட்டினாள், திருப்பித் தலைமை அலுவலக முகவரியை ஒரு தடவை சரிபார்த்தாள், அவரிடம் நீட்டினாள். அவர் அதைப் பைக்குள் போட்டு, பையின் வாயை இறுக்கிக் கட்டி, சைக்கிளில் ஏறினார்.

"ரெண்டு விரல் நீளம் அண்ணே!" என்று அப்பா பின்னாலேயே கத்தினார். "மத்தியானம் மறுபடியும்!"

தபால்காரர் திரும்பாமலேயே இரண்டு விரலை உயர்த்திக் காட்டிவிட்டு, கடிதத்தோடு தெருமுனையைத் தாண்டிப் போனார்.